ஆறு வாளி, ஒரு கேள்வி

(நெய்வேலி நகரியத்தில் பெற்றோர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பலர் சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை பார்ப்பவர்கள். உங்களிடம் ஒரு கேள்வி. ஷிஃப்ட் முடிந்து இறங்கும்போது, “என்ன நடந்தது, எந்த இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்” என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வருமா? “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று சண்டைக்குப் போவீர்களா? மாட்டீர்கள். அடுத்து ஏறுகிறவர் அந்தப் பதிவேட்டைப் படிப்பார், கையெழுத்துப் போடுவார், பொறுப்பு கைமாறும். அதில் யாருக்கும் மானம் போவதில்லை. எழுதாமல் போனால்தான் போகும்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். சுரங்க விதிகளின்படி, 500 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் சுரங்கத்தில் தொழிற்சங்கத்தைக் கலந்து தொழிலாளர்களிலிருந்தே ‘ஒர்க்மென் இன்ஸ்பெக்டர்’ நியமிக்கப்பட வேண்டும். அவர் சுற்றிப் பார்ப்பார், குறையைப் பதிவேட்டில் எழுதுவார். என்ன சரிசெய்தோம் என்று அதே பதிவேட்டில் மேலாளர் எழுத வேண்டும். எழுதுகிறவர் தொழிலாளி, பதில் சொல்கிறவர் மேலாளர். இந்த நடைமுறையைப் பார்த்து வளர்ந்த ஊர் இது.

ஆனால் இதே ஊர்க்காரர் தன் பிள்ளை படிக்கும் பள்ளியின் வாசலுக்குப் போனதும் வாயை மூடிக்கொள்கிறார். “நமக்கெதுக்கு வம்பு, பிள்ளைக்கு மார்க்கைக் குறைச்சிடுவாங்க.” முப்பது ஆண்டு கணக்குப் புத்தகங்களோடு பிழைத்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு சுற்றுக் கிராமத்துப் பள்ளிகள் சிலவற்றின் பெற்றோர் கூட்டங்களில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு செய்தியைச் சொல்லத்தான் வந்தேன். பள்ளியின் கணக்கைக் கேட்பது சந்தேகம் அல்ல. அது ஷிஃப்ட் மாற்றும்போது பதிவேட்டைப் படிப்பதைப் போன்ற வேலை.

பேச்சாளர்கள் எல்லோரும் உத்தரமேரூரைத் தொடாமல் விடுவதில்லை. நானும் தொடுகிறேன், ஆனால் வேறு இடத்தில். பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 921. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறையை எல்லா மேடையிலும் சொல்லிவிட்டோம். பானையில் ஓலையைப் போட்டு, சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னதைக் குழந்தைகளும் அறிவார்கள். அதே கல்லில் இன்னொரு விதி இருக்கிறது. அந்தச் சபையின் வாரியத்தில் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது. அவனுடைய பெரியம்மா, சின்னம்மா மக்கள், அத்தை மகன், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், பிள்ளை என்று ஒரு பெரிய பட்டியலையே அந்தக் கல் நீட்டுகிறது. இவர்களுக்கும் இடமில்லை. கணக்குக் காட்டாதவன் குடும்பத்தையே ஊர்ப் பொறுப்பிலிருந்து தள்ளி வைத்தார்கள். தேர்ந்தெடுக்கும் முறையைப் பெருமையாகச் சொல்லும் நாம், கணக்குக் கேட்ட முறையைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

பள்ளிக்கூடக் கணக்கே கல்லில் இருக்கிறது. நமக்குப் பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு வேதக் கல்லூரி நடந்தது. 340 மாணவர்கள், 14 ஆசிரியர்கள். எந்தப் பாடத்துக்கு எத்தனை மாணவர், ஆளுக்கு நாளொன்றுக்கு எத்தனை நாழி நெல், அதற்கு எந்த நிலத்தின் வருவாய் என்று கோயில் சுவரில் வெட்டி வைத்தார்கள். அந்தக் கல்லூரிக்குள் நம்மில் பெரும்பாலோரின் முன்னோரை விட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் மறக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் கணக்கைச் சுவரில் எழுதும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. இப்போது பள்ளியில் எல்லா வீட்டுப் பிள்ளையும் படிக்கிறது. சுவர்தான் காலியாக இருக்கிறது.

சரி, இன்றைய சட்டத்துக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது, வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது ஆகியவை அதன் வேலை. தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் பல ஆண்டுகள் காகிதத்திலேயே இருந்தன. 2022-ல் அரசுப் பள்ளிகளில் பெற்றோரைக் கூட்டி 20 பேர் கொண்ட குழுக்களாக மறுபடி அமைத்தார்கள். தலைவர் பொறுப்பு ஒரு தாய்க்கு. 2024-ல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் தந்து 24 பேராக்கினார்கள்.

இந்தக் குழுவுக்குக் கிடைத்த பெரிய அதிகாரமும் அதனால் வந்த தலைவலியும் 2022 ஜூனில் தெரிந்தன. அரசுப் பள்ளிகளில் காலியாக இருந்த 13,331 ஆசிரியர் இடங்களைத் தற்காலிகமாக நிரப்பும் வேலையை மேலாண்மைக் குழுக்களிடம் கொடுத்தார்கள். மாதச் சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுநிலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். உடனே கேள்விகள் கிளம்பின. சொந்தக்காரருக்கு வேலை போகாதா, தகுதித் தேர்வில் தேறிக் காத்திருப்பவர் என்ன ஆவார்? விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கல்வித் துறை நெறிமுறைகளைத் திருத்தி வெளியிட்டது. இதிலிருந்து சிலர், “பார்த்தீர்களா, பெற்றோரிடம் அதிகாரம் கொடுத்தால் இப்படித்தான்” என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குப் பார்க்கக்கூடப் பழகாத குழுவிடம் ஆள் எடுக்கும் வேலையை முதலில் கொடுத்ததுதான் கோளாறு. சைக்கிள் ஓட்டப் பழகுவதற்கு முன்னால் லாரி சாவியைக் கொடுத்தால் குற்றம் ஓட்டுநருடையதா?

இப்போது பணத்தைப் பற்றிப் பேசுவோம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டு மானியம் ஒன்று உண்டு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அதன் அளவு மாறும். 101 முதல் 250 பேர் வரை படிக்கும் பள்ளிக்கு 50,000 ரூபாய். அதில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். 200 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு ஆண்டுக்கு 250 ரூபாய். 220 வேலை நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஒரு ரூபாய் பதினான்கு காசு. சாக்பீஸ், டியூப் லைட், பினாயில், குழாய் வாஷர், பதிவேடு எல்லாம் இதற்குள். “இந்தச் சில்லறைக்குப் போய்க் கணக்குக் கேட்பதா?” என்று நினைக்கலாம். சில்லறை என்பதால்தான் கேட்க வேண்டும். பெரிய நிதியில் பத்தாயிரம் போனால் கட்டடம் ஒரு மாதம் தாமதமாகும். இதில் பத்தாயிரம் போனால் கழிப்பறைக்கு அந்த ஆண்டு பினாயில் கிடையாது.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஊர் பெயரும் பள்ளி பெயரும் வேண்டாம். குழுத் தலைவி ஒரு இளம் தாய். முந்திரித் தோப்பில் கூலி வேலை. காசோலையிலும் தீர்மானப் பதிவேட்டிலும் அவர் கையெழுத்து அழகாக இருந்தது. “என்னம்மா, எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?” என்று கேட்டேன். “சார் நீட்டினாரு, போட்டேங்க” என்றார். இன்னொரு பள்ளியில் இதே கேள்விக்கு, “எங்க வீட்டுக்காரரைத்தான் கேக்கணும், அவருதான் கூட்டத்துக்கு வருவாரு” என்று பதில் வந்தது. தலைவியின் கணவர் தலைவராக இருக்கும் நோய் ஊராட்சியிலிருந்து பள்ளிக்கும் தொற்றியிருக்கிறது.

அந்த இளம் தாயிடம் இருப்புப் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்தான், ஆனால் விரல் வைத்துப் படித்தார். ஒரு வரியில் நின்றார். தலைமை ஆசிரியரைப் பார்த்து, “சார், இதுல ஆறு பக்கெட்டுன்னு போட்டிருக்கு. நான் தினமும் பிள்ளைய விட வரேன், நாலுதான கண்ணுல படுது?” என்றார். அறை அமைதியாகிவிட்டது. தலைமை ஆசிரியருக்கு முகம் சிவந்தது. “ரெண்டு உடைஞ்சு போச்சும்மா. கழிச்சு எழுதணும், எழுதாம விட்டுட்டேன்” என்றார். உண்மைதான். சமையற்கூடத்துக்குப் பின்னால் இரண்டு உடைந்த வாளிகள் கிடந்தன. அவர் திருடர் அல்ல. வாளியில் தொடங்கி வலைத்தளப் பதிவு வரைக்கும் ஒற்றை ஆளாக ஓடிக்கொண்டிருந்த மனிதர்.

அடுத்த கூட்டத்துக்குள் அவர் ஒரு காரியம் செய்தார். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஒரு சார்ட் தாளில் எழுதி அலுவலக அறை வாசலில் ஒட்டினார். என்னிடம் தனியாகச் சொன்னார்: “ஐயா, இத ஒட்டினதுக்கப்புறம் எனக்கு நிம்மதி. முன்னாடி ஊர்ல எவனாவது ‘வாத்தியார் சாப்பிட்டுட்டாரு’ன்னு டீக்கடையில பேசினா பதில் சொல்ல வழி இல்ல. இப்ப ‘போய்ப் படிச்சுட்டு வாடா’ன்னு சொல்லிடலாம்.” கணக்குக் கேட்பதால் முதலில் பாதுகாப்புப் பெறுகிறவர் நேர்மையான தலைமை ஆசிரியர்தான் என்பதை அன்று நான் கண்ணால் பார்த்தேன்.

இது கிராமத்துக் கதை என்று நினைக்காதீர்கள். ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் 1991 முதல் 1995 வரை மத்திய அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பிய மானியத்தை ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். நூற்றுக்குச் சராசரியாக 13 பங்குதான் பள்ளியைத் தொட்டிருந்தது. மீதி வழியிலேயே கரைந்தது. பிறகு எந்த மாவட்டத்துக்கு எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் அச்சிட்டார்கள், பள்ளிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். 2001-ல் பார்த்தபோது நூற்றுக்கு 80-க்கு மேல் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேறு சீர்திருத்தங்களும் கூடவே நடந்தன என்றாலும், தொகையை ஊரறியச் சொன்னதற்கு அதில் பெரிய பங்கு உண்டு.

நம் நாட்டுக் கணக்கு ஒன்று இன்னும் சுடும். 2014–15-ல் பள்ளிகளில் கழிப்பறை கட்டும் பொறுப்பைப் பொதுத்துறை நிறுவனங்களிடம் கொடுத்தார்கள். இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஏழு பெரிய நிறுவனங்களின் வேலையைத் தணிக்கை செய்தார். இந்தச் சுரங்கத்தையும் நகரியத்தையும் நடத்தும் நமது நிறுவனம் அந்த ஏழில் இல்லை. 15 மாநிலங்களில் 2,048 பள்ளிகளுக்கு நேரில் போய் 2,695 கழிப்பறைகளைத் தேடினார்கள். கட்டியாகிவிட்டது என்று எழுதியிருந்தவற்றில் 200 கழிப்பறைகள் இடத்திலேயே இல்லை. 86 பாதியில் நின்றன. அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது 2020-ல். ஐந்து ஆண்டு! அந்தப் பள்ளியில் படிக்கும் ஒரு சிறுமியின் அம்மாவைக் கேட்டிருந்தால், கட்டடம் இருக்கிறதா இல்லையா என்று ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பாள். அவளிடம் “இங்கே ஒரு கழிப்பறை கட்டியதாக எழுதியிருக்கிறது” என்று யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர். நெய்வேலி ஒரு விசித்திரமான ஊர். வட்டம் வட்டமாகத் திட்டமிட்டுக் கட்டியது. சாலையும் தண்ணீரும் விளக்கும் நிறுவனம் தருகிறது. வசதியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே நகராட்சி இல்லை, கவுன்சிலர் இல்லை. ஊராட்சி இல்லாததால் கிராம சபையும் இல்லை. வெளியே வடக்குத்திலோ வேறு ஊராட்சியிலோ இருப்பவர் ஆகஸ்ட் 15 அன்று கிராம சபையில் எழுந்து பள்ளியைப் பற்றிக் கேட்கலாம். நகரியத்தில் இருக்கும் நாம் எழுந்து நிற்க ஒரு சபை கிடையாது. ஓட்டுப் போட்டு அனுப்பியவரிடம் கேள்வி கேட்கும் பழக்கம் நமக்குத் தொழிற்சங்கத் தேர்தலோடு நின்றுவிட்டது.

இங்கே பள்ளிகளும் பலவகை. நிறுவனத்தின் கல்வித் துறை நடத்துபவை, ஜவகர் கல்விக் கழகம் நடத்துபவை, கேந்திரிய வித்யாலயா, தனியார் பள்ளிகள், வேலியைத் தாண்டினால் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு, சாவி வேறு. அரசுப் பள்ளிக்கு மேலாண்மைக் குழு. கேந்திரிய வித்யாலயாவில் பெற்றோருக்கு இடமுள்ள வித்யாலயா மேலாண்மைக் குழு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்டத்தின் குழு கிடையாது. ஆனால் 2009-ல் வந்த தமிழ்நாட்டுக் கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் உண்டு. அங்கே கட்டணக் குழு நிர்ணயித்த தொகை என்ன என்று கேட்க வேண்டியது பெற்றோரின் வேலை. நிறுவனமோ மத்திய அரசு பெரும்பான்மைப் பங்கு வைத்திருக்கும் பொதுத்துறை. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வருகிறது. அரசு நிதியில் பெரும்பகுதி நடக்கும் தனி அமைப்புகளும் அந்தச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 செப்டம்பரில் ஒரு கல்லூரி அறக்கட்டளை வழக்கில் சொல்லிவிட்டது. எந்தப் பள்ளி அந்த வரையறைக்குள் வரும் என்பதை அதன் வரவு செலவைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தகவல் உரிமையில் தமிழ்நாட்டுக்கு ஒரு முதலிடம் உண்டு. 1997-லேயே சட்டம் போட்ட முதல் மாநிலம் நாம்தான். விலக்குகள் மலிந்த பலவீனமான சட்டம் என்றாலும் முதல் அடி. ராஜஸ்தானில் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் கூலித் தொழிலாளர்கள் கூடி, ஊராட்சியின் செலவுக் கணக்கை உரக்கப் படித்தார்கள். கட்டாத வேலைக்குப் பணம், வராத ஆளுக்குக் கூலி என்று வரிவரியாக வெளிவந்தது. 2005-ன் மத்தியச் சட்டத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவை மட்டும் நினைவில் வையுங்கள். யாரும் கேட்காமலே தன் வரவு செலவைத் தானாக வெளியிட வேண்டியது பொது அமைப்பின் கடமை. நாம் மனுப் போடுவது, அவர்கள் செய்யாமல் விட்ட வேலையை நினைவுபடுத்துவது.

கணக்குக் கேட்பது மட்டும் போதுமா என்று சிலர் கேட்கலாம். தலைமை ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்கு வேண்டாமா? அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் 1988-ல் சட்டம் போட்டு, ஒவ்வொரு பள்ளிக்கும் பெற்றோர் அதிகமாக உள்ள உள்ளூர்க் குழுவைத் தேர்தல் வழியே அமைத்தார்கள். தலைமை ஆசிரியரை நான்கு ஆண்டு ஒப்பந்தத்தில் நியமிப்பதும், பிறகு தொடர வைப்பதும் அனுப்பிவைப்பதும் அந்தக் குழுதான். நமக்கு அது பொருந்துமா? இன்றைக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. சாதியும் கட்சியும் ஊர்ப் பெரிய வீடும் நாற்காலியைச் சுற்றி நிற்கும் இடத்தில், ஆசிரியரின் வேலையை ஊர்க் குழுவின் கையில் கொடுத்தால் முதலில் அடிபடுகிறவர் ஊருக்குப் புதிதாக வந்த நேர்மையான ஆசிரியர்தான். எதை எப்படிக் கற்பிப்பது என்பதிலும் நாம் மூக்கை நுழைக்க வேண்டாம். ஆனால் ஆண்டுக்கொரு முறை தலைமை ஆசிரியர் பெற்றோர் முன்னால் நின்று, “இதைச் செய்வதாகச் சொன்னேன், இதைச் செய்தேன், இது முடியவில்லை” என்று சொல்லட்டும். அதைக் கேட்பதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம்.

கேள்வியிலும் பண்பு வேண்டும். கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு பள்ளிக்குள் நுழைவது கண்காணிப்பு அல்ல. “என் பிள்ளையை ஏன் கண்டித்தாய்?” என்ற கோபத்தைத் தீர்க்கக் கணக்கைக் கேட்பது பழிவாங்கல். ஒருவராகப் போகாதீர்கள், ஐந்து பேராகப் போங்கள். குழுக் கூட்டத்தில் கேளுங்கள், கேட்டதைத் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து பேர் சேர்ந்து கேட்ட கேள்விக்காக எந்த ஆசிரியரும் ஒரு பிள்ளையின் மார்க்கைக் குறைக்க முடியாது.

நெய்வேலிக்கு என்று ஒரு வேண்டுகோள். நகரியத்தில் நிறுவனப் பணத்தில் நடக்கும் ஒவ்வொரு பள்ளியின் வாசலிலும் ஒரு பலகை வைக்கச் சொல்லிக் கேட்போம். ஆண்டுக்கு வந்தது எவ்வளவு, ஆய்வகத்துக்கு எவ்வளவு, கட்டடப் பராமரிப்புக்கு எவ்வளவு, காலியாக இருக்கும் ஆசிரியர் இடம் எத்தனை. நான்கே வரி. சமூகப் பொறுப்பு நிதியில் சுற்றுக் கிராமப் பள்ளிகளில் நடக்கும் வேலைகளுக்கும் இதே நான்கு வரி. அந்தக் கிராமங்கள் இந்தச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவை. தங்கள் பள்ளியில் என்ன கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு நம்மைவிடக் கூடுதல்.

நிறைவாக, வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு சிறு வேலை. உங்கள் பிள்ளையின் பள்ளியில் அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் என்றைக்கு என்று நாளை காலை விசாரியுங்கள். ஷிஃப்டை மாற்றிக்கொண்டு அன்றைக்குப் போங்கள். பள்ளியின் கணக்குப் பதிவேடு தலைமை ஆசிரியரின் மேசையில்தான் இருக்கும். பணிவாகக் கேளுங்கள், பெரும்பாலும் தந்துவிடுவார். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதுங்கள். கட்டணம் பத்து ரூபாய். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.